நீச்சல் குழுவின் வரலாற்றை எழுதப் போகிறவர்களுக்கு: ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். வடக்கு வர்ஜீனியாவிலும் மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டியிலும் பிள்ளைகளைக் கோடைக்கால நீச்சல் குழுவில் சேர்த்திருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஜூன் பிறந்துவிட்டால் நம் சனிக்கிழமைக் காலைகள் குளக்கரையில்தான் கழிகின்றன. ஒருவர் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஒருவர் ரிப்பன்களில் பெயர் ஒட்டுகிறார், இன்னொருவர் எட்டு வயதுக்குட்பட்ட வாண்டுகளைச் சரியான லேன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப் படாத பாடு படுகிறார். பக்கத்து வீட்டுக்காரர்களை நம்மில் பலர் முதலில் தெரிந்துகொண்டதே அங்கேதான். இந்தக் குழுக்களின் மேல் எனக்கு நிறைய அன்பு உண்டு. அந்த அன்போடுதான் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

வடக்கு வர்ஜீனியா நீச்சல் லீக் 1956-ல் தொடங்கியது, மாண்ட்கோமரி கவுண்டி லீக் 1958-ல். ஆக, இது அறுபதாம் ஆண்டு, எழுபதாம் ஆண்டு விழாக்களின் காலம். விழா என்றால் ஒரு மலர் உண்டு, மலர் என்றால் அதில் ‘நம் குழுவின் வரலாறு’ என்று நாலு பக்கம் உண்டு. நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் ஒரே உள்ளடக்கம்: குளம் கட்டிய ஆண்டு, முதல் கோச், டிவிஷன் வென்ற வருடங்கள், இன்னும் யாரும் முறியடிக்காத ரெக்கார்டுகள். கேபின் ஜானில் இருக்கும் பாலிசேட்ஸ் குளம் போன்ற இடமென்றால் ஆறு வயதில் அங்கே நீந்தத் தொடங்கிய ஒலிம்பிக் சாம்பியன் கேட்டி லெடெக்கியைப் பற்றிப் பெருமையாக எழுதலாம். எழுத வேண்டியதுதான். ஆனால் அந்தக் குளத்துக்குள் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை, அது எப்போது மாறியது என்ற பகுதி இந்த மலர்களில் இருப்பதில்லை. அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். யாரும் முன்வரவில்லை என்றால் நீங்களே எழுதுங்கள். இதுதான் என் வேண்டுகோள்.

இந்தப் பக்கத்துக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1949 ஜூனில் வாஷிங்டனின் அனகோஸ்டியா பொதுக் குளத்தில் கறுப்பினச் சிறுவர்கள் நீந்த வந்தார்கள். அது வெள்ளையர் மட்டுமே நீந்தி வந்த குளம். கலவரம் வெடித்தது, குளத்தை மூடினார்கள், அடுத்த ஆண்டு எல்லாருக்குமாகத் திறந்தார்கள். நாட்டின் பல ஊர்களில் பொதுக் குளங்கள் இப்படித் திறக்கத் திறக்க, புறநகர்களில் வேறொரு வகைக் குளம் பெருகியது. குடியிருப்பில் இருப்பவர்கள் பணம் போட்டு, பங்கு வாங்கி, தங்களுக்கென்று கட்டிக்கொண்ட உறுப்பினர் குளம். நம் பிள்ளைகள் இன்று நீந்துபவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். கட்டியவர்கள் எல்லாருக்கும் கெட்ட எண்ணம் இருந்தது என்று சொல்ல வரவில்லை. கோடை வெயிலில் பிள்ளைகள் குளிக்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் வாசலில் நிறம் பார்த்த குளங்கள் இருந்தன. இது நீதிமன்ற ஆவணங்களில் பதிவான செய்தி. அதிலும் உச்ச நீதிமன்றம் வரை போன இரண்டு வழக்குகள் நம் ஊர்களிலிருந்தே போனவை.

முதலாவது ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியின் லிட்டில் ஹன்டிங் பார்க். அந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்கான பூங்கா, விளையாட்டு வசதிகள், நீச்சல் குளம். உறுப்பினர் பங்கு வைத்திருப்பவர் தன் வீட்டை வாடகைக்கு விட்டால், குடிவருபவருக்கு அந்தப் பங்கை மாற்றிக் கொடுக்கலாம், நிர்வாகக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 1965-ல் பால் சல்லிவன் என்ற வெள்ளையர் தன் வீட்டை ஃப்ரீமன் என்ற கறுப்பினத்தவருக்கு வாடகைக்கு விட்டு, பங்கையும் மாற்றிக் கொடுத்தார். நிர்வாகக் குழு மறுத்துவிட்டது. ஃப்ரீமனின் நிறம் தவிர வேறு காரணம் கிடையாது. ‘இது நியாயமா?’ என்று சல்லிவன் கேட்டதற்கு அவரையே உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கி, பங்குகளுக்கான பணத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். 1969 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சல்லிவன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வட்டாரத்து வெள்ளையர் யாருக்கும் திறந்திருக்கும் இடம், நிறத்தைத் தவிர வேறு எந்தத் தேர்வும் இல்லாத இடம், தன்னைத் தனியார் கிளப் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்றது.

இரண்டாவது, மேரிலாந்தின் வீட்டன்-ஹேவன் குளம். 1958-ல் உருவானது. குளத்திலிருந்து முக்கால் மைல் தூரத்துக்குள் வசிப்பவர்கள் சேரலாம், 325 குடும்பங்கள் வரை. உறுப்பினர் ஒருவர் வீட்டை விற்றால், வாங்குபவருக்குச் சேர்வதில் முதல் உரிமை. அந்தத் தூரத்துக்குள் வீடு வாங்கியிருந்த ஒரு கறுப்பின மருத்துவருக்கு 1968-ல் விண்ணப்பப் படிவத்தைக்கூடத் தரவில்லை. அதே ஆண்டு ஜூலையில் டில்மன் என்ற உறுப்பினர் தம்பதி ஒரு கறுப்பினப் பெண்ணை விருந்தினராக அழைத்து வந்தார்கள். அன்றைக்கு உள்ளே விட்டார்கள். மறுநாளே நிர்வாகக் குழு சிறப்புக் கூட்டம் போட்டு, இனி உறுப்பினர்களின் உறவினர்கள் மட்டுமே விருந்தினராக வரலாம் என்று விதியை மாற்றியது.

கூட்டம் போட்டவர்கள் யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம்மைப் போலவே மாலையில் வேலை முடிந்து வந்து, சம்பளம் வாங்காமல், குளத்தின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டவர்கள். அப்படிப்பட்டவர்கள்தான் ஒரு பெண் ஒருநாள் குளத்தில் இறங்கியதற்கு மறுநாளே அவசரக் கூட்டம் கூட்டினார்கள். எனக்கு இந்த வழக்கில் மிகவும் வலித்த இடம் இதுதான்.

வீட்டன்-ஹேவன் வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் குளத்தின் பக்கம் நின்றன. 1973 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மாற்றிச் சொன்னது. நீதிமன்றம் எந்த வாதத்தைப் பற்றிக்கொண்டது என்பது கவனிக்க வேண்டியது. 1964-ன் சிவில் உரிமைச் சட்டம் தனியார் கிளப்புகளுக்கு விலக்கு கொடுத்திருந்தது. அதனால் இரண்டு வழக்குகளுமே 1866-ன் பழைய சட்டத்தை நாடின. சொத்து வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் வெள்ளையருக்கு இருக்கும் அதே உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்று சொல்லும் சட்டம் அது. குளத்தில் சேரும் உரிமை வீட்டோடு ஒட்டி வருகிறது, அது வீட்டின் மதிப்பிலேயே ஒரு பகுதி, அதை நிறம் பார்த்து மறுப்பது சொத்துரிமையை மறுப்பது என்று நீதிபதிகள் கண்டார்கள். இன்று நாம் வீடு வாங்கும்போது ‘பக்கத்தில் நல்ல குளம் இருக்கு’ என்று ஏஜென்ட் சொல்வாரே, அதே கணக்குதான்.

‘நாம் பிற்பாடு வந்தவர்கள், அவர்கள் ஊர்ச் சண்டை நமக்கெதற்கு?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நாம் வந்த வழியைப் பார்க்க வேண்டும். 1923-ல் பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்றது இதே உச்ச நீதிமன்றம். நமக்குக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம் சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த நாட்களில் வந்தது. அந்தப் போராட்டத்தில் அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் குளங்களில் இன்னும் குறைவாகவே கண்ணில் படுகிறார்கள். அதைப் பார்த்தும் பேசாமல் நகர எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், தண்ணீரில் யார் இறங்கலாம் என்ற கேள்வி நமக்குப் புதிதா என்ன? பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாம் எல்லாருக்கும் பொது என்று 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927-ல் மகாத் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடக்க வேண்டியிருந்தது. இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வீட்டில், அவர்கள் தினமும் குதிக்கும் குளத்தின் வரலாற்றையும் சொல்வதுதான் முறை.

விளைவும் இன்று வரை நிற்கிறது. நீச்சல் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிற பழக்கம். ஒரு தலைமுறையைக் குளத்துக்கு வெளியே நிறுத்தினால் அடுத்த தலைமுறையும் கரையிலேயே நிற்கும். 10 முதல் 14 வயதுள்ள கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம் வெள்ளைப் பிள்ளைகளைவிட ஏழு மடங்குக்கும் அதிகம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. பிலடெல்பியாவில் ஜிம் எல்லிஸ் 1971-ல் நகரப் பொழுதுபோக்குத் துறையின் குளத்தில் கறுப்பினப் பிள்ளைகளை வைத்து ஒரு குழு தொடங்கினார். அதிலிருந்து ஒலிம்பிக் தேர்வுப் போட்டி வரை ஆட்கள் போனார்கள். அது பங்கு வாங்கிச் சேரும் குளம் அல்ல, நகரத்தின் பொதுக் குளம் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் குளத்தின் பழைய விதிமுறைகளையும் நிர்வாகக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அவை யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும், அவர் வீடு மாறுவதற்குள் கேட்டுவிடுங்கள். ஃபேர்ஃபேக்ஸ் நூலகத்தின் வர்ஜீனியா அறையில் உள்ளூர்ப் பழைய செய்தித்தாள்கள் இருக்கின்றன. இரண்டு தீர்ப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் குளம் தொடக்கத்திலிருந்தே எல்லாரையும் சேர்த்தது என்று தெரியவந்தால் அதைவிட மகிழ்ச்சி எது? அதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். அப்படி இல்லை என்றால், முதல் கறுப்பினக் குடும்பம் எந்த ஆண்டு சேர்ந்தது, அந்தப் பிள்ளை எந்த ஸ்ட்ரோக் நீந்தியது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். அவர்கள் சம்மதித்தால் விழாவுக்கு அழையுங்கள்.

கூடவே, இன்றைய விதிகளையும் ஒருமுறை படியுங்கள். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரின் பரிந்துரை வேண்டும் என்றோ, சேரும்போதே பெரிய தொகை கட்ட வேண்டும் என்றோ இருந்தால், அதனால் யார் வெளியே நிற்கிறார்கள் என்று கூட்டத்தில் கேளுங்கள். தவணையில் கட்ட வழி செய்யச் சொல்லுங்கள். குளம் காலியாக இருக்கும் நேரத்தில் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

சீசன் முடிந்ததும் பெரும்பாலான குளங்களில் உறுப்பினர் கூட்டம் நடக்கும். மலர்க் குழுவுக்கு ஆள் கேட்பார்கள், வழக்கம்போல யாரும் அசைய மாட்டார்கள். நீங்கள் கை தூக்குங்கள். நான் என் குளத்தில் தூக்கப் போகிறேன்.

அன்புடன்,
வடக்கு வர்ஜீனியாவில் நீச்சல் பழகும் இரண்டு பிள்ளைகளின் அம்மா