எமது வீட்டுத்தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழமைபோல நடந்தன. சந்தா, செலவு விவரங்களைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். நான் சொல்லவிருப்பது பெரும்பாலும் ஒரு விடயம் பற்றித்தான்: கன்று வழங்கும் முறையை இந்த ஆண்டு மாற்றினோம்.

முன்பெல்லாம் மாரி தொடங்கும்போது கன்றுகளை மொத்தமாக எடுத்து வந்து பங்கிடுவோம். இம்முறை முதலில் வளவைப் பார்ப்பது, அப்புறம்தான் கன்று என்று தீர்மானித்தோம். மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதிப் பக்கம் எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. கிணற்றில் நாம் அள்ளுவது அதைத்தான். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் மோட்டர் போட்டு அளவு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறும். ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் முதற் கேள்வி, "ஆவணியில உங்கட கிணத்துத் தண்ணி எப்படி?" என்பதே.

உவர் ஏறும் வளவில் போஞ்சியும் அந்தூரியமும் சரிவராது. தென்னை, பூவரசு, கடதாசிப்பூ, நித்தியகல்யாணி தாக்குப்பிடிக்கும். அலரியும் தாங்கும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் சின்னப் பிள்ளைகளும் ஆடு மாடும் உள்ள வீடுகளுக்கு நாம் அதைச் சொல்வதில்லை.

அடுத்தது மாரி. வெள்ளம் நிற்கும் மூலையில் வைத்த பப்பாசி சில நாட்களிலேயே வேர் அழுகிச் சாய்ந்துவிடும். முருங்கைக்கும் நீர் நின்றால் ஆகாது. இரண்டையும் மண் உயர்த்தி மேட்டில் வைக்கச் சொன்னோம். பள்ளமான இடம் வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் நல்லது. குளிக்கும் தண்ணீர் ஓடும் பக்கம் வாழை. மணல் ஈரம் பிடிக்காது என்பதால் மரக்கன்றுக் குழிகளில் தேங்காய்ப் பொச்சு மட்டைகளை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, கூட்டெரு கலந்த மண் போட்டோம். இந்த வேலையில் இளைஞர்கள் காட்டிய அக்கறை மெச்சத்தக்கது.

"மரக்கறியும் மரமும் சரி, அழகுக்கு என்ன?" என்று சில அங்கத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எமது ஊரில் அழகு நிழலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்னேர வெயிலும் கச்சானும் மேற்கிலிருந்து வருகின்றன. அந்தப் பக்கம் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு மாவோ வேம்போ நிற்கட்டும். அதற்குக் கீழே குரோட்டன். மதிலோரம் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் உயரமாக, முன்னே மல்லிகை. கறிவேப்பிலையும் தேசியும் குசினியிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில். முருங்கை இலகுவில் முறியும். அதைக் கூரையோரம் வைக்கவே கூடாது என்று, 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மூத்தவர்கள் வற்புறுத்தினார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

கருத்து வேறுபாடு வந்தது முற்றத்துக்குக் கல் பதிப்பதில். கூட்டிப் பெருக்க இலகு, மழைக்குச் சேறு இல்லை, உண்மைதான். ஆனால் முற்றம் முழுவதையும் மூடினால் மழைநீர் ஒழுங்கைக்கு ஓடுகிறது, கிணற்றுக்குச் சேர்வதில்லை. நடைபாதைக்கும் வாகனம் நிறுத்தவும் மட்டும் கல், மற்ற இடம் மணலாகவே இருக்கட்டும் என்பது நிருவாக சபையின் பரிந்துரை. எல்லோரும் உடன்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பூச்சாடித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரத்துக்கு ஒருமுறையாவது ஊற்றிவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு அந்தளவு தண்ணீரே போதும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறோம். தண்ணீரின் உப்பை அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்குவது. அங்கத்தவர்களின் வீடுகளில் நன்றாக நிற்கும் செடிகளிலிருந்து தடியும் விதையும் எடுத்து எமக்கென ஒரு நாற்றுமேடை போடுவது. கிணற்றடியில் கொஞ்சம் நிழலான இடம் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயரைத் தாருங்கள்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்