அந்த மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடு

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குக் கண்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். குனியாதே, கண்ணைக் கசக்காதே, தலைக்குக் குளிக்காதே என்று ஏகப்பட்ட கட்டளை. இப்போது தேவலை. ஒரே அதிர்ச்சி என்னவென்றால், இத்தனை நாள் வெள்ளை என்று நினைத்துப் போட்டுக்கொண்டிருந்த சட்டைகளெல்லாம் பழுப்பாக இருக்கின்றன. ஒருத்தரும் சொல்லவில்லை பார்.

உன் மகள் வேலை மாறியது நல்ல சேதி. நான் விசாரித்ததாகச் சொல். உன் முழங்கால் கதைக்கு அப்புறம் வருகிறேன், அதற்கும் இந்தக் கடிதத்தில் வேலை இருக்கிறது.

முதலில் நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்த வரி. வெப்பத்தைத் தடுக்க நுரை தெளித்துப் போட்ட நுரைக்கூரை முழுக்கப் பாசி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிற பிரஷர் வாஷர் இரவல் வாங்கி வைத்திருக்கிறேன், லீவு கிடைத்ததும் ஒரே நாளில் அடித்துத் தள்ளிவிடுவேன் என்றாயே, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. சிவா, அந்த மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடு. இன்றைக்கே.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், ஆறு வருடத்துக்கு முன் இதே சூனியத்தை நான் சொந்தச் செலவில் வைத்துக்கொண்டவன். முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம்தான். பாசி பட்டை பட்டையாகக் கிளம்பி ஓடியது, கீழே பளிச்சென்று வெள்ளை. அப்புறம் கை கொஞ்சம் தாழ்ந்தது, அவ்வளவுதான். வெள்ளையின் நடுவில் முழங்கை நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. என்னடா இது புதுக்கறை என்று அதன் மேலேயே இன்னொரு முறை அடித்தேன். விரலை வைத்துப் பார்த்தபோது பாதி விரல் உள்ளே போனது. பக்கத்தில் பூச்சு, வெயிலில் உரிந்த தோல் மாதிரி சுருண்டு கிடந்தது.

நமக்குக் கூரை என்று கண்ணில் படுவது நுரையே இல்லை, அதன் மேல் பூசின பூச்சு. நுரை அதற்கு அடியில் இருக்கிறது. இரண்டு திரவம், ஐசோசயனேட் ஒன்று, பாலியால் ஒன்று. துப்பாக்கி முனையில் கலந்து தெளித்த சில நொடியில் இருபது முப்பது மடங்கு உப்பி இறுகுவதுதான் நுரை. ஒரு கன மீட்டர் நுரை 45 கிலோ சொச்சம்தான் இருக்கும். அதே இடத்தில் தண்ணீரை நிரப்பினால் 1000 கிலோ. ஆக, நம் தலைக்கு மேல் இருப்பதில் பெரும்பகுதி சின்னச் சின்னக் குமிழிக்குள் அடைபட்ட வாயு. வெப்பத்தைத் தடுப்பதில் அதற்கு இணை குறைவு. ஆனால் வெயில் நேராகப் பட்டால் ஆகாது. புற ஊதாக் கதிரில் மஞ்சளாகி, பழுப்பாகி, பொடியாக உதிர ஆரம்பித்துவிடும். அதைக் காப்பாற்றத்தான் மேலே அக்ரிலிக்கோ சிலிக்கோனோ பூசுகிறார்கள். அந்தப் பூச்சின் தடிமன் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள். கட்டை விரல் நகத்தின் கனம் என்று வைத்துக்கொள். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் 40, 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வரும். அந்த மெஷினில் சாதாரணமாகவே 1500க்கு மேல். நகக்கனத் தோலை அது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பாசியை விட்டுவிடலாமா என்றால் அதுவும் கூடாது. பாசிக்கு வேர் கிடையாது, பூச்சைத் துளைத்துக்கொண்டு போகாது. ஈரமும் வெளிச்சமும் கொஞ்சம் தூசியும் இருந்தால் அதற்குப் போதும். அது செய்யும் கெடுதல் வேறு. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் வெள்ளையாக இருக்கிறது, அது கறுத்தால் வெயிலைக் குடிக்கும். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உன்னுடையது அக்ரிலிக் பூச்சாக இருந்தால் ஓயாத ஈரத்தில் ஊறி இளகிவிடும். பாசியில் தூசி சேர்ந்து மண்ணாகும், மண்ணில் ஒரு விதை விழும். அந்தச் செடிக்கு வேர் உண்டு.

நான் இப்போது செய்வது இதுதான். வெயில் ஏறாத காலையிலோ மேகமூட்டமான நாளிலோ ஆரம்பிக்கிறேன், கரைசல் காய்ந்துவிடக் கூடாது. இலை தழையை மெத்தென்ற துடைப்பத்தால் கூட்டி, பையில் போட்டுக் கீழே இறக்கிவிடுவேன். வடிகால் வாயில் ஒரு வலைத்துணி. இல்லையென்றால் பாசியெல்லாம் குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டு, அடுத்த மழையில் கூரை குளமாகும். மழைநீர்த் தொட்டிக்குப் போகிற குழாய் இருந்தால் முதல் வேலையாக அதைக் கழற்று. முதலில் வெறும் தண்ணீரால் முழுக்க நனைக்க வேண்டும். அப்புறம்தான் மருந்து.

மருந்தில் எனக்குப் பிடித்தது சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவுமாகப் பிரியும். 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்குக் கால் கிலோ கரைத்து, செடிக்கு மருந்தடிக்கிற தெளிப்பானில் ஊற்றி, மூடியை இறுக்காமல் உடனே அடித்துவிடு என்று சொல்ல வந்தேன். வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன்: நான் ஒருமுறை மூடியை இறுக்கிவிட்டுப் போன் பேசப் போனேன். திரும்பி வரும்போது டப்பா வயிறு உப்பி நின்றது. உள்ளே ஆக்சிஜன் கிளம்பிக்கொண்டே இருக்கும். அன்றிலிருந்து வாளியும் பூவாளியும்தான். ஊற்றினதும் பொரபொரவென்று ஒரு சத்தம் வரும், பாசி மேல் வெள்ளை நுரை பூக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விடு. காய்கிற மாதிரி இருந்தால் தண்ணீர் தெளி. பிறகு நீளக் கம்பில் மாட்டின மெல்லிய நாரு பிரஷால் தடவினால் போதும். தேய்க்காதே, தடவு. மேட்டுப் பக்கத்திலிருந்து வடிகால் பக்கமாக, ஒரு கதவளவு இடம் முடித்துக் கழுவிவிட்டு அடுத்த கதவளவு. ஒரே தடவையில் போகாத கறைக்கு இரண்டாம் தடவை மருந்துதான், கைப்பலம் இல்லை. சாம்பல் நிறத்தில் தகடு தகடாக ஒட்டியிருந்தால் அது பாசி இல்லை, லைக்கன், பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழ்கிற ஒன்று. அது பூச்சுக்குள் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கும், சுரண்டினால் பூச்சையும் சேர்த்துக் கொண்டுவரும். மருந்து போட்டுவிட்டு மறந்துவிடு. செத்தபின் சில வாரத்தில் அதுவாக உதிரும்.

எதை ஊற்றுவதானாலும் முதலில் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு போட்டு மறுநாள் பார். பூச்சு பிசுபிசுத்தாலோ நிறம் மாறினாலோ அந்த மருந்து உன் கூரைக்கு இல்லை. பூச்சு விற்றவர்கள் சுத்தம் செய்யும் முறை என்று ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் என் பேச்சை விட்டுவிட்டு அதைக் கேள்.

வீட்டு பிளீச்சும் வேலை செய்யும், நான் மறுக்கவில்லை. ஒன்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து போட்டிருக்கிறேன். ஆனால் வழிந்து விழுகிற இடத்தில் செடி இருந்தால் கருகும், தகரமும் ஆணியும் துருவேறும். போட்டால் கீழே செடிகளை முதலிலேயே நன்றாக நனைத்துவிட்டு, முடிந்ததும் இன்னொரு முறை கழுவ வேண்டும். இதில் ஒரே ஒரு விஷயம் விளையாட்டில்லை: பிளீச்சோடு டாய்லெட் கழுவுகிற ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா சேர்ந்தால் குளோராமின் வரும். இரண்டும் நுரையீரலைப் பதம் பார்க்கும். ஒரு வாளியில் ஒரு மருந்து, அவ்வளவுதான். கண்ணாடியும் கையுறையும் மறக்காதே. கண் டாக்டரிடம் போய் வந்தவன் சொல்கிறேன். தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகாதே, பூச்சு தாங்காது.

இப்போது உன் முழங்கால். ஈரப் பாசி மேல் நிற்பது எண்ணெய் தடவின கண்ணாடி மேல் நிற்பது மாதிரி. சிலிக்கோன் பூச்சு பாசியே இல்லாமல் நனைந்தாலும் அப்படித்தான். பின்னோக்கி நடந்துகொண்டே தேய்க்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, கைப்பிடிச் சுவர் இல்லாத கூரையில் அது உயிருக்கு உலை. ஓரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி ஒரு கயிறு போட்டுக்கொள், அதைத் தாண்டாதே. ஓரத்து வேலையை இடுப்பில் பெல்ட் கட்டிப் பழகின ஆட்களிடம் விடு. இரண்டு பேராக இல்லாமல் ஏறவே ஏறாதே. முழங்கால் மடங்க மறுக்கிற நாளில் நீ கீழே நின்று ஏணியைப் பிடி, பையன் ஏறட்டும். இதில் கௌரவம் பார்க்காதே.

கூரைக்கும் உன் கால் ஆகாது. நுரை ஆளைத் தாங்கும், ஆனால் குதிகால் முனையையும் கீழே விழுகிற ஸ்க்ரூடிரைவரையும் தாங்காது. தட்டையான ரப்பர் அடி செருப்பு போடு, ஏறுமுன் அடியில் சிக்கின கல்லை எடு. முட்டி போட வேண்டிய இடத்தில் ஒரு ஃபோம் துண்டும் அதன் மேல் பிளைவுட் பலகையும். உப்பிக் கிடக்கிற இடம் ஏதாவது தெரிந்தால் சுற்றிப் போ, அமுக்கிப் பார்க்க ஆசையாக இருக்கும், அமுக்காதே.

கழுவி முடித்துக் காய்ந்த பிறகு ஒருமுறை மெதுவாக நடந்து பார். பாசிக்கு அடியில் மறைந்திருந்ததெல்லாம் அப்போதுதான் தெரியும். பறவை கொத்தின ஓட்டை, மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு, எங்காவது மஞ்சள். மஞ்சள் தெரிந்தால் நுரை வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், தள்ளிப்போடாதே. சின்ன ஓட்டைக்குச் சீலன்ட் போதும். ஆனால் எந்தப் பூச்சு என்று தெரிந்துகொண்டு போடு. சிலிக்கோன் மேல் சிலிக்கோன்தான் ஒட்டும், மற்றதெல்லாம் ஆறு மாதத்தில் உரிந்து வரும். என் மஞ்சள் கோட்டை அடைக்க வந்தவர் இதைச் சொல்லிவிட்டு, மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. என் கூரையில் பாசி எல்லா இடத்திலும் இல்லை, மேற்கு மூலையில் நீள்வட்டமாக மட்டும் வந்துகொண்டே இருந்தது. மூன்று முறை கழுவினேன், மூன்று முறையும் அதே இடம், அதே வடிவம். மழையே இல்லாத மாதத்திலும் பச்சை. கடைசியில் ஒரு மத்தியானம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். ஏசியின் தண்ணீர்க் குழாய், வடிகாலுக்கு நான்கு அடி தள்ளி, சொட்டு, சொட்டு, சொட்டு. குழாயை நீட்டி வடிகாலுக்குள் விட்டேன், அதோடு பாதி முடிந்தது. மீதிப் பாதி பள்ளம். மழை விட்டு 48 மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் அதைத் தேக்கம் என்கிறார்கள். அதன் விளிம்பைச் சாக்பீஸால் வரைந்து வைத்தேன், பூச்சு புதுப்பிக்கிற ஆண்டில் அந்த வட்டத்துக்குள் மட்டும் நுரை ஏற்றி வாட்டம் சரிசெய்துகொண்டேன். இப்போது வருடம் ஒருமுறை கழுவினால் போதும். அதற்கு மேல் கழுவினால் பூச்சுதான் தேயும்.

அதனால் நீ லீவு போடுகிற நாளில் முதல் வேலையாகத் தேய்க்காதே. ஒரு காகிதத்தில் கூரையை வரைந்து, எங்கெங்கே பச்சை, எங்கே கறுப்பு என்று குறித்து, கழுவுமுன் நாலு போட்டோ எடுத்து அனுப்பு. புதுக் கண் இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கிறேன். மரக்கிளை கூரை மேல் சாய்ந்திருந்தால் அதையும் படத்தில் காட்டு.

மெஷினைத் திருப்பிக் கொடுத்தாயா என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் ராஜு