சிவப்பு நூல் கட்டிய தூக்குவாளி

ஆண்டாப்ஹில் குவார்ட்டர்ஸ் சொந்தங்களுக்கு வணக்கம்.

இன்றோடு மூன்று நாள். கிட்னி நோயில் படுத்த என் பையன் காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சோதனைக்குழாயில் காய்ச்சி, வினிகர் ரெண்டு சொட்டு விட்டும் திரியவில்லை. போன வாரம்வரை முட்டை வெள்ளைக்கரு வெந்த மாதிரி இருக்கும். நோட்டில் மூன்றாவது ‘நில்’ (Nil, புரதம் இல்லை) எழுதும்போது கை நடுங்கியது.

ராத்திரியில் பரேல் ஆஸ்பத்திரிவரை வண்டி ஓட்டிய எதிர்வீட்டு அண்ணன், பெரியவளைப் பள்ளிக்கு அனுப்பிய மாடிவீட்டு அக்கா, வார்டில் தன் போர்வையைத் தந்த மௌஷி (மராத்தியில் சித்தி), கணக்குக் கேட்காமல் பணம் தந்தவர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. டாக்டரம்மாவுக்கும்தான். கிட்னியின் வடிகட்டியில் புரதம் ஒழுகிவிடுவதால் ரத்தத்தில் தண்ணீர் நிற்காமல் உடம்பில் கசிகிறது என்று, டீ வடிகட்டியை வைத்தே எனக்குப் புரியவைத்தார்.

ஆனால் எழுத உட்கார்ந்தது இட்லி அண்ணாச்சிக்காக. பேர்கூடத் தெரியாது. தாராவியிலிருந்து சைக்கிளில் வருவார், ‘பாம் பாம்’ என்று ரப்பர் ஹாரன். வீடு திரும்பிய மறுநாள் அந்தச் சத்தத்துக்கே பையன் அழுதான். பிரெட்னிசோலோன் மாத்திரை தொடங்கியதிலிருந்து அகோரப் பசி. வீக்கம் வடியும்வரை உப்போ ஆகாது. ஜன்னலிலிருந்தே சொன்னேன். பதில் சொல்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் சின்னத் தூக்குவாளி, பிடியில் சிவப்பு நூல். “உப்புப் போடுமுன்ன நாலு கரண்டி மாவு தனியா எடுத்து வச்சேன் தாயி. மத்ததோட கலந்துரக் கூடாதுல்லா, அதான் நூலு.” சட்னியிலும் உப்பில்லை, எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்திருந்தார். காசு கொடுத்தால், “மொத்தமா வாங்கிக்கிடுதேன்.” ஒன்பது நாளாகிறது, இன்னும் வாங்கவில்லை.

மாத்திரை மொத்தம் 6 வாரம் தினமும், பிறகு 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். நடுவில் நிறுத்த மாட்டேன். “கன்னம் உப்பிருச்சே, போதும் விடு” என்று பிரியமாகச் சொல்பவர்களும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் குணமானபின் வாருங்கள். அது தொற்றினால் இந்த நோய் திரும்பிவிடுமாம்.

நேற்று பையன் சிவப்பு நூலை அவிழ்த்துக் கையில் கட்டிக்கொண்டான். இன்று காலை வாளியில் பச்சை நூல்.