ஆச்சி வீட்டில் நீ

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை. "நீ மஸ்கட் போனப்ப நான் எப்படிம்மா இருந்தேன்?" போனில் சொன்னால் நான் அழுவேன், நீ என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

1996 ஜூன். உனக்கு இரண்டே கால் வயசு. அப்பா கடை நொடித்துப்போய்க் கடன் கழுத்தை நெரித்த சமயம், எனக்கு நர்ஸ் வேலைக்கு விசா வந்தது. சொல்லிக்கொண்டு போனால் பிள்ளை ஏங்கிப்போகும் என்றார்கள். நீ தூங்கும்போது கிளம்பினேன். காலையில் கட்டிலுக்கு அடியில்கூட என்னைத் தேடினாயாம். ஒரு வாரம் வாசற்படியை விட்டு நகரவில்லையாம். அப்புறம் சாப்பிடாமல் சுருண்டு கிடந்திருக்கிறாய். ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டு போனில் ஆச்சி சொன்னாள்: "இப்ப அழவே மாட்டேங்கா, நல்லா பழகிட்டா." அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

1998-ல் திரும்பி வந்தேன். ஆச்சி சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நீ, விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி என்னைப் பார்த்து "வாங்க" என்றாய். எவ்வளவு சமத்து என்று ஊரே மெச்சியது. நானும் மெச்சினேன், பாப்பா.

அந்தச் சமத்து என்னவென்று நான் வெகு தாமதமாகத்தான் படித்தேன். லண்டனில் ஜான் பௌல்பி என்ற மனநல டாக்டரோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன், ஆஸ்பத்திரியில் பெற்றோரைப் பிரிந்து கிடக்கும் குழந்தைகளைக் கவனித்திருக்கிறார். முதலில் கதறுவார்கள், பிறகு சோர்ந்து ஒடுங்குவார்கள். கடைசியில் அம்மா வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்பது போல அமைதியாகிவிடுவார்கள். வார்டில் அதைத்தான் "குழந்தை செட் ஆகிடுச்சு" என்போம். 1952-ல், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டரை வயசுக் குழந்தையைப் படம் பிடித்துக் காட்டினார். டாக்டர்கள் பலர் கோபப்பட்டார்களாம். எட்டு நாளுக்கே அப்படி. நான் உன்னை விட்டது இருபத்திரண்டு மாதம்.

நீ யாரிடமும் எதுவும் கேட்காமல் வளர்ந்தாய். காய்ச்சல் வந்தாலும் ஹாஸ்டலிலிருந்து சொல்லமாட்டாய். யாராவது நெருங்கி வந்தால் நீயே முதலில் விலகிவிடுவாய். அது உன் சுபாவம் இல்லை. இரண்டு வயசில், வேறு வழியில்லாமல் நீ கற்றுக்கொண்டது.

உன் தெரபிஸ்ட் ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளாமல் பலவற்றையும் சேர்த்துச் செய்கிறார் என்றாய். ஒருநாள் பேச்சு, ஒருநாள் மூச்சையும் நெஞ்சு இறுகுவதையும் கவனிப்பது, பிறகு ஒருநாள் கண்ணை இடம் வலமாக அசைத்துக்கொண்டே பழையதை நினைப்பதும் வருமாம். அந்தக் கண் சமாச்சாரம் கேட்டு முதலில் எனக்குச் சந்தேகம்தான். தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனமே 2013-ல் அதைப் பரிந்துரைத்திருக்கிறது. மூன்று மாதமாகியும் பழைய கதைக்குள் போகவில்லை என்று அலுத்துக்கொண்டாயே, அவர் செய்வது சரி. பிரஷர் நிலைக்கு வராமல் நாங்களும் யாரையும் ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளமாட்டோம். உள்ளே போனால் பத்திரமாக வெளியே வரலாம் என்ற தைரியம் உனக்கு முதலில் வர வேண்டும்.

அவர் பத்து நாள் லீவில் போனதும் இனி போகவே வேண்டாம் என்று தோன்றியதாமே. அதை அப்படியே அவரிடம் சொல்லு. போனவர் திரும்பி வருகிறார், உன் கோபத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதும் மருந்துதான். நான் அதை உனக்குக் கொடுக்கவில்லை.

என்னைப் பற்றிப் பேசும்போது பார்த்துப் பார்த்துப் பேசாதே. அம்மா கடனுக்காகத்தான் போனாள் என்று எனக்காக வாதாட வேண்டாம். கடன் உண்மை, நீ வாசற்படியில் உட்கார்ந்திருந்ததும் உண்மை.

இன்னொன்று. மஸ்கட்டிலிருந்து உனக்காகப் பேசி அனுப்பிய கேசட் பீரோவில் இருக்கிறது. அதைப் போட்டால் நீ டேப்ரெகார்டருக்குப் பின்னால் போய் என்னைத் தேடினாய் என்று ஆச்சி எடுத்து வைத்துவிட்டாள். அனுப்பட்டுமா? அவரிடமும் கேட்டுக்கொண்டு சொல்லு. வேண்டாமென்றால் இங்கேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா