கலியாணப் பக்கமும் மரண அறிவித்தல் பக்கமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கட ஞாயிறு பேப்பரில மணமக்கள் தேவைப் பக்கத்தையும் மரண அறிவித்தல் பக்கத்தையும் நான் விடாமல் வாசிக்கிறனான், எங்கட வயசுக்காரர் கனபேர் அப்பிடித்தான். போன கிழமை ரெண்டையும் ஒண்டுக்குப் பிறகு ஒண்டா வாசிக்கேக்க மனசில பட்டதை எழுதோணும் போல இருந்தது. கலியாணப் பக்கத்தில வெள்ளவத்தையில சொந்த ஃபிளட், வாகனம், நகை, வெளிநாட்டு பீ.ஆர் (நிரந்தர வதிவிட உரிமை) எண்டு வரிசையா வருது. மரண அறிவித்தலில சொத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எந்த ஊரில பிறந்தவர், ஆரின்ர மகன், ஆரின்ர மருமகன், ஆருக்குப் பெரியப்பா, ஆருக்கு மைத்துனர், பேரப்பிள்ளையள் ஆர் ஆர் எண்டு இடம் காணாத அளவுக்குப் பேர்தான். ஒரு மனுசன் ஆர் எண்டு கடைசியாச் சொல்ல எங்கட சனம் உறவைத்தான் எடுக்குது, அப்ப ஒரு குடும்பத்தைத் தொடங்கேக்க மட்டும் ஏன் ஸ்கொயர் ஃபீட் கணக்குப் பார்க்கிறம்?

சொத்துச் சேர்க்கிற ஆக்களை நான் குறை சொல்ல வரேல்லை. எங்கட சனத்துக்கு வீடும் நகையும் ஆடம்பரம் மட்டும் இல்லை, பயம். 1995இல யுத்தத்தால யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு ஒரே இரவில வெளிக்கிட்ட சனத்திட்ட போய்க் கேளுங்கோ, கையில இருந்த ரெண்டு காப்புத்தான் எத்தினை மாசம் சோறு போட்டது எண்டு சொல்லுவினம். அந்தப் பயம் பிள்ளையளுக்கும் வந்திருக்கு, அதை நான் மதிக்கிறன். ஆனா 1983 ஜூலையில தமிழருக்கு எதிரான கலவரத்தில இதே வெள்ளவத்தையில எங்கட வீடு எரியேக்க அலுமாரி, அம்மாவின்ர தையல் மெஷின், கலியாண அல்பம் எல்லாம் அதோட போச்சு, நாங்கள் உயிரோட வெளியில வந்தது பின்வீட்டுச் சிங்கள அன்ரி தன்ர பிள்ளையளையும் வச்சுக்கொண்டு பயப்பிடாமல் எங்களை உள்ளுக்க எடுத்துக் கதவைப் பூட்டினதாலதான். அம்மா அந்த மனுசியோட வருசக்கணக்காப் பலகாரத் தட்டு மாத்தினவ, அவ்வளவுதான் அதுக்கு முதல் இருந்த பழக்கம்.

நாடு பொருளாதார நெருக்கடியில விழுந்த 2022ம் அப்பிடித்தான். மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை, லிஃப்ட் நிண்டுபோச்சு, காசு வச்சிருந்தவைக்கும் காஸ் சிலிண்டர் கிடைக்கேல்லை. எங்கட தொடர்மாடியில மேல்மாடியில தனிய இருக்கிற ஒரு அம்மாவுக்குச் சோறும் தண்ணியும் ஏத்திக் குடுத்தது கீழ்வீட்டு முஸ்லிம் பொடியன்கள். அவவின்ர மூண்டு பிள்ளையளும் வெளிநாட்டில நல்லா இருக்கினம், நல்ல பிள்ளையள்தான், மாசம் தவறாமல் காசு வரும், ஒவ்வொரு அறையிலயும் ஏசி இருக்கு, ஆனா அவ படுக்கிறது ஒரு அறையிலதான், மற்றது ரெண்டும் பூட்டிக் கிடக்கு. பின்னேரத்தில கீழ வந்து வோச்சரோட கதைச்சுக்கொண்டு நிப்பா, அவரின்ர மகளின்ர சோதனை றிசல்ட் எல்லாம் அவவுக்குப் பாடம்.

அமெரிக்காவில ஹார்வார்ட் யூனிவர்சிட்டி 1938இல தொடங்கின ஒரு ஆய்வு இண்டைக்கும் நடக்குது. ஹார்வார்ட் மாணவர் 268 பேரும் பொஸ்டனில ஏழைப் பகுதிப் பொடியன்கள் 456 பேருமா மொத்தம் 724 பேரை, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்தவை. 80 வயசில ஆர் சுகமா இருப்பினம் எண்டதை, 50 வயசில அவையின்ர கொலஸ்ட்ரோலை விட, உறவுகளில எவ்வளவு திருப்தியா இருந்தவை எண்டதுதான் நல்லாக் காட்டினதாம். இப்ப அதை நடத்துற ரொபர்ட் வால்டிங்கர் 2015இல பேசின பேச்சு இன்ரர்நெட்டில இருக்கு, கேட்டுப் பாருங்கோ. நாங்கள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு லாப் லாப்பா ஏறி இறங்கி கொலஸ்ட்ரோல் பார்க்கிறம், அது பார்க்கத்தான் வேணும், ஆனா இந்தக் கிழமை ஆரோட இருந்து கதைச்சனீங்கள் எண்டு அவையிட்ட ஆர் கேட்கினம்?

வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளும் உங்கட பேப்பரை ஒன்லைனில வாசிக்கினம், அவையிட்ட ஒண்டு கேட்கிறன். அடுத்த முறை புது ரிவி, புது சோஃபா எண்டு அனுப்பிற காசுக்கு ரிக்கெற் போட்டு வாங்கோ, கலியாண வீட்டுக்கு வந்து மூண்டு நாளில திரும்பாமல், ஒரு வேலையும் இல்லாமல் வந்து வீட்டில இருங்கோ. தொடர்மாடிக் கொமிற்றிக்காரரிட்டயும் ஒரு வேண்டுகோள், பேர்த்டே பார்ட்டிக்கு மட்டும் திறக்கிற அந்தக் கீழ்மாடி ஹோலைக் கிழமையில ஒரு பின்னேரமாவது வயசான ஆக்களுக்குத் திறந்து விடுங்கோ, நாலு கதிரையும் ஒரு கேத்தில் தேத்தண்ணியும் போதும். எங்கட கட்டடத்தில இதைக் கேட்டுக் கடிதம் குடுத்திருக்கிறன், பதில் வந்தோடன உங்களுக்கும் எழுதுறன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 06