ஜன்னலோரக் கட்டில் அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நேரில் வந்து பார்க்கத்தான் ஆசை. டாக்டர் விடமாட்டேன் என்கிறார். புதுக் கிட்னியை உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்று எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறார்கள். காலை எட்டு, இரவு எட்டு, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. சாதாரண சளிக்காய்ச்சலே பெரிய தொந்தரவாகிவிடும் என்பதால் ஆஸ்பத்திரிப் பக்கமே கொஞ்ச மாதத்துக்கு வரக் கூடாதாம். நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுவதற்கும் காரணம் உண்டு. கிட்னி செய்ய வேண்டிய ரத்தச் சுத்திகரிப்பை மிஷின் வைத்துச் செய்கிற டயாலிசிஸ் என்று சீட்டில் எழுதிக் கொடுத்ததும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிற யாராவது ஒருவர் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும்.

நான் முதன்முதலில் வந்த அன்று கையில் இரண்டு ஊசி, தலைமாட்டில் பீப் பீப் என்று மிஷின். நாலு மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும், வாரத்துக்கு மூன்று முறை வர வேண்டும் என்றதும் எனக்குப் பேச்சே வரவில்லை. நீங்கள் மிஷினில் மாட்டிய இடது கையை அசைக்காமல், வலது கையால் பேப்பரை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு வார்டு முழுக்கக் கேட்கும்படி ராசிபலன் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். எதிர்க் கட்டில் டீச்சருக்குக் கன்னி ராசி. "இன்று வெளியூர்ப் பயணம் அமையும்" என்று நீங்கள் வாசித்ததும் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "தம்பி என்ன ராசி? சிம்மமா? உமக்குத் தண்ணியில கண்டம்வே. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல ஒரு மடக்குகூட குடிக்காதீரும்."

தண்ணீர் அளவு, உப்பு, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது எல்லாம் ஒரு தாளில் அச்சடித்துத் தந்திருந்தார்கள். அது மண்டையில் ஏறவில்லை. தண்ணியில கண்டம் ஏறிவிட்டது. இன்றைக்கும் டம்ளரைத் தூக்கினால் உங்கள் குரல்தான் கேட்கிறது, இப்போது எனக்கு நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தாலும்!

எடைப் போட்டி இன்னொன்று. போன டயாலிசிஸுக்கும் இந்த டயாலிசிஸுக்கும் நடுவில் யாருக்கு எடை குறைவாக ஏறியிருக்கிறதோ அவர் கையில் டிவி ரிமோட். அதற்காகவே டீச்சர் ஐஸ்கட்டியை வாயில் அடக்கி தாகத்தை ஓட்டுவார். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் மிஷின் அதிகம் உறிஞ்ச வேண்டும், கெண்டைக்கால் இழுக்கும், பிரஷர் இறங்கும். இதை யாருக்கும் பாடம் நடத்தாமலே புரிய வைத்தீர்கள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "சரியாயிடும்" என்பார்கள். நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. "இன்னிக்கு ஊசி எப்படி, ஒரே குத்தா?" என்றுதான் கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல முடிந்தது அண்ணாச்சி. அதில்தான் எனக்கு மனசு லேசானது.

ஒரு சனிக்கிழமை நீங்கள் வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். பேப்பர் மடித்தபடியே கிடந்தது. யாரும் எழுப்பவில்லை. சிஸ்டர் மட்டும் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார். நோயாளி எந்நேரமும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. உங்களிடம் யாரும் அதைக் கேட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டேன்.

வீட்டில் சும்மா இருக்கிறேனா, நம் மிஷினின் கதையைத் தேடிப் படித்தேன். வார்டில் சொல்ல உங்களுக்கு உதவும். 1943இல், ஹாலந்தை ஜெர்மன் ராணுவம் பிடித்து வைத்திருந்த காலத்தில், காம்பென் என்ற சின்ன ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் செய்தது அது. சாசேஜ் இறைச்சியை அடைக்கிற செலோபேன் உறையை மர உருளையில் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓட விட்டு, உப்புநீர்த் தொட்டியில் சுழற்றினார். ஆரம்பத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. அவர் விடவில்லை. 1945இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் மயக்கம் தெளிந்து எழுந்தார். எழுந்ததும் புருஷனை விவாகரத்து செய்யப்போவதாகச் சொன்னாராம்! இதை நீங்கள் டீச்சருக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்து, தொட்டால் பூனை உறுமுவதுபோல் கிர்ரென்கிறதே நம் கையில் பிஸ்டுலா, அது 1966இல் நியூயார்க் டாக்டர்கள் எழுதி வெளியிட்ட முறை.

எனக்குக் கிட்னி தந்தவர் யாரென்று சொல்லமாட்டார்கள். மூளைச்சாவு அடைந்த ஒருவர். 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் உறுப்புக் கொடை தந்தவர்களை அரசு மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள். அந்தக் குடும்பத்தை நினைக்காமல் ஒருநாளும் தூங்குவதில்லை.

உங்கள் இதயம் தாங்காது என்று உங்கள் பெயரை மாற்றுக் கிட்னிக்குக் காத்திருப்போர் வரிசையில் சேர்க்கவே இல்லை. இது வார்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அழைப்பு வந்த செய்தி கேட்டு முதலில் போன் செய்தது நீங்கள்தான். "போயிட்டு வாரும்வே. வந்து, ஒண்ணுக்கு எவ்வளவு போச்சுன்னு எனக்குக் கணக்கு சொல்லணும்" என்றீர்கள். சொல்கிறேன் அண்ணாச்சி: நேற்று இரண்டரை லிட்டர்.

புதிதாக ஒரு காலேஜ் பையன் சேர்ந்திருக்கிறானாம், போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு யாரிடமும் பேசுவதில்லையாம். சிஸ்டர் சொன்னார். அவனிடம் என் நம்பரைக் கொடுங்கள். பேசப் பிடிக்காவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம், அவன் அம்மாவிடம் கொடுங்கள். உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால், நம்மைப் போன்றவர்களுக்கு ஆகாத பொட்டாசியம் என்ற உப்பு குறையும்; டாக்டர் சம்மதித்தால் அளவோடு பொரியல் தரலாம். என் மனைவி பக்குவமாகச் சொல்லித் தருவாள். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்துக் கட்டில் தம்பி