மஞ்சள் குளிசையும் சூல்வித்தகமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மஞ்சளிலும் கிறீன் டீயிலும் உள்ள ஒட்சியேற்ற எதிரிகள் (அன்ரிஒக்சிடன்ற்), நஞ்சுக்கொடி எனப்படும் சூல்வித்தகத்தின் கலங்களைக் காக்கும் என்று கேள்விப்பட்டுக் கர்ப்பிணிகள் சிலர் அவற்றைக் குளிசையாக வாங்கி விழுங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இந்த நம்பிக்கை பிறந்த இடம் ஆய்வுகூடத் தட்டு. சூல்வித்தகக் கலங்களை வளர்த்து, மஞ்சளிலுள்ள குர்குமினோ, குவர்செற்றின் என்னும் வேறொரு தாவரப் பொருளோ இட்டு ஒரு நாள் வைப்பார்கள். பிறகு கலங்களை ஒட்சியேற்றிச் சேதப்படுத்தும் ஐதரசன் பேரொட்சைட்டு விட்டு, எத்தனை கலம் பிழைத்தது என்று எண்ணுவார்கள். மருந்திட்ட தட்டில் கூடுதலாகப் பிழைப்பதுண்டு. ஆனால் உயிருள்ள கலத்தைக் காட்டும் எம்.ரீ.ரீ. சாயத்தைத் தாவரச் சாறு தானாகவே ஊதாவாக்கிவிடும். கலமே இல்லாத தட்டொன்றை ஒப்பிட்டுப் பார்க்க வைக்காவிட்டால் செத்த கலமும் பிழைத்ததாகக் கணக்கில் ஏறும். கிறீன் டீயின் கற்றெக்கினோ வளர்ப்பு ஊடகத்தில் கரைந்ததும் தானே பேரொட்சைட்டை உண்டாக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் அளவுதான்: விழுங்கிய குர்குமினில் மிகச் சொற்பமே, அதுவும் பெரும்பாலும் குடலும் ஈரலும் உருமாற்றிய வடிவில், இரத்தத்தில் சேர்கிறது.

2006இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், ஏறத்தாழ 2,400 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குத் தினமும் ஒட்சியேற்ற எதிரிகளான விற்றமின் சி 1,000 மி.கி., விற்றமின் ஈ 400 அலகு கொடுத்தார்கள். கர்ப்பத்தில் பிரஷர் ஏறி ஆபத்தாகும் பிரீஎக்ளாம்சியா என்னும் நோய் குறையவில்லை, நிறை குறைந்த குழந்தைகள்தான் கூடினார்கள். 10-12ஆம் வாரத்தில் தாயின் இரத்தம் சூல்வித்தகத்துக்குள் முழுதாகப் பாயத் தொடங்கி ஒட்சிசன் உயரும்போது, கலங்கள் தங்களைக் காக்கும் நொதியங்களைத் தாமே கூட்டிக்கொள்கின்றன. ஓரளவு ஒட்சியேற்றம் அவற்றுக்கு வேண்டிய சைகை. அதை மொத்தமாக அடக்குவது நன்மை என்று எண்ண இடமில்லை.

சமையலில் போடும் மஞ்சளுக்குப் பயமில்லை. வல்லாரையைக் கழுவி, மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, தேசிக்காயைக் கடைசியில் பிழியுங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம், சூட்டில் விற்றமின் சி அழியும். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைப் பிளேன்டீயுடன் விழுங்காதீர்கள்: தேயிலையின் தனின் இரும்பைப் பிடித்து, உடலில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். கல்சியத்தையும் வேறு வேளைக்குத் தள்ளுங்கள்.

முந்தைய கர்ப்பத்தில் பிரீஎக்ளாம்சியா வந்தவர்கள் அஸ்பிரின் பற்றி 20 வாரத்துக்கு முன்பே வைத்தியரிடம் கேட்க வேண்டும்; தாமாக வாங்கக் கூடாது. 20 வாரத்துக்குப் பின் கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகவீக்கம் வந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கொழும்பு - 06